மெஷின் திருப்பிக் கொடுத்த டயர்கள்

எங்கள் அண்ணார் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்று வீடு வரைக்கும் வந்திருக்கிற சொந்தங்களுக்கும், வர முடியாமல் ஆக்லாந்திலும் பிரிஸ்பேனிலும் வான்கூவரிலும் இந்த நினைவு மலரைத் தபாலில் வாங்கிப் பிரிக்கிறவர்களுக்கும் தங்கையின் கும்பிடு. எனக்குப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்றது. தமிழ் எழுத்து கோயில் வகுப்பில் வந்தது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது என்பதால் என் மகள் எதிர்ப்பக்கத்தில் இங்கிலீஷில் போட்டிருக்கிறாள். அதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவள் பயத்தில் விட்டதாக இருக்கும். கோபிக்க வேண்டாம்.

இந்த வருடம் முழுவதும் வெளிநாட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எல்லாரும் முதலில் அண்ணியைப் பற்றிக் கேட்பார்கள், என் சர்க்கரையைப் பற்றிக் கேட்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அந்த மெஷின் இன்னும் ஓடுகிறதா, யாருடையதையாவது திருப்பிக் கொடுத்ததா என்று கேட்பார்கள். நான் போனில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் ஆளாளுக்குக் கண் காது மூக்கு வைத்துப் பேசுவார்கள் என்றும் கவலையாக இருக்கிறது. ஆகையால் அண்ணாரின் வாழ்க்கையையும், அவர் கடைசிவரை சுமந்த ஒரே ஏக்கத்தையும், அது எப்படி முடிந்தது என்பதையும் வரிசையாக எழுதுகிறேன். அந்த ஏக்கம் இதுதான்: கோபித்துக்கொண்டு நாட்டை விட்டுப் போன மகன் திரும்பி வருவானா, மாட்டானா.

அண்ணார் இந்த ஃபிஜித் தீவில், ரக்கிரக்கியில், கிங்ஸ் ரோட்டுக்கு மேல்புறம், கரும்புக் காட்டுக்கு நடுவில் ஒரு தகர வீட்டில் பிறந்தார். எங்கள் பாட்டனாரின் தகப்பனார் மதராசில் கப்பலேறி கிர்மித் என்கிற ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அண்ணார் மூத்தவர், நான் கடைக்குட்டி. நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அப்பா காலமானதும் அம்மாவையும் என்னையும் காப்பாற்ற அண்ணார் கரும்புக் கத்தியை வைத்துவிட்டு டவுனில் ஒரு டயர் கடையில் வேலைக்குப் போனார். அன்று கறுத்த உள்ளங்கை பிறகு வெளுக்கவே இல்லை. கல்யாணத்தன்று மஞ்சளில் ஊறப்போட்டும் போகவில்லை. மாலை மாற்றும்போது அண்ணி அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தன் புடவையை ஒதுக்கிக்கொண்டதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரிப்போம்.

அண்ணிக்குப் பிறந்த ஊர் கடலுக்கு அந்தப்பக்கத் தீவில் இருக்கிற சவுசவு. அங்கிருந்து படகில் வந்த வழியெல்லாம் அண்ணி வாந்தி எடுத்தார்கள். கரை இறங்கியதும் அண்ணாரிடம் முதல்முதலாகப் பேசிய வார்த்தையே, "இனிமே என்னை எந்தக் கடலும் தாண்டச் சொல்லாதீங்க" என்பதுதான். அண்ணார் சரி என்று தலையாட்டினார். பிற்பாடு ஊரே கடல் தாண்டியபோதும் இந்த வீடு தாண்டாமல் நின்றதற்கு அந்தத் தலையாட்டல்தான் காரணம்.

பிறகு அண்ணார் ரோட்டோரத்தில் சொந்தமாக டயர் கடை போட்டார். புது டயர் மாட்டுகிறவர்கள் பழையதை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். அண்ணார் எதையும் எறியமாட்டார். ஒவ்வொரு பழைய டயரின் உட்பக்கத்திலும் அது எந்த வீட்டு வண்டியுடையது என்று வெள்ளை பெயிண்டில் எழுதிக் கொல்லையில் அடுக்குவார். பேர் இல்லாத டயர் அனாதைப் பிணம் மாதிரி என்பார். எனக்கு அந்தப் பேச்சு அப்போதே பிடிக்காது.

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த முதல் கலகம் நடந்தது. ரேடியோ பாட்டை நிறுத்திவிட்டு வேறு ஏதோ பேசியது. அதற்குப்பின் நம் ஜனங்கள் பயந்து வெளிநாடு போக, ஒவ்வொரு வீடாகக் காலியானது. வண்டியை விற்றார்கள், மாட்டை விற்றார்கள், சாமி படத்தைக் கோயிலில் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களுடைய பழைய டயர்கள் மட்டும் அண்ணாரின் கொல்லையில் பேரோடு நின்றன. ஆள் இல்லாத வீட்டின் பேரெல்லாம் அங்கே இருந்தது. கடல்காற்று அடிக்கும்போது அந்த அடுக்குகள் ஊதும். நாம் சீசா வாயில் ஊதினால் வருமே, அந்தச் சத்தம். உயரமான அடுக்கு ஒரு குரலில், குட்டை அடுக்கு வேறு குரலில். துணி காயப்போட நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

இரண்டாயிரத்தில் மறுபடியும் கலகம் வந்தது. பட்டப்பகலில் ஒரு லாரியில் ஆட்கள் வந்து, ரோட்டை மறிக்க டயர் வேண்டும், கேட்டைத் திற என்றார்கள். யார் எவர் என்று இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது. அண்ணி உள்ளே காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அண்ணார் கேட்டைத் திறந்துவிட்டார். அவர்கள் லாரி நிறைய ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அண்ணாரின் மகன் ராஜன் அந்தக் காலத்தில் ரக்கிரக்கிக்கும் சுவாவுக்கும் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் கிங்ஸ் ரோட்டில் அவனை நிறுத்தி இறக்கிவிட்டு, எரிகிற டயர்களுக்கு நடுவில் வண்டியைத் தள்ளிவிட்டார்கள். அவனை அடிக்கவில்லை. ஓரத்தில் நின்று பார்க்கச் சொன்னார்கள். அவன் நடந்தே வீடு வந்து சேர்ந்து, முகத்தில் கரியோடு அண்ணார் முன்னால் நின்றான்.

"வண்டியைச் சுத்தி எரிஞ்சதெல்லாம் நம்ம டயர்ப்பா. உங்க கையெழுத்து எரியறதை நின்னு பார்த்தேன்."

"உங்க அம்மா உள்ள படுத்திருந்தாடா. தொறக்கலைன்னா கடையோட கொளுத்தியிருப்பான்."

"தொறந்தீங்க இல்ல. அது போதும்."

அவ்வளவுதான் பேச்சு. சில மாதத்தில் ராஜன் வான்கூவர் போய்விட்டான். அம்மாவோடு போனில் பேசுவான். என்னோடு பேசுவான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பான், ஆனால் போனை அவரிடம் கொடுங்கள் என்று சொன்னது கிடையாது. அவனுடைய டாக்சியில் மிஞ்சியது ஸ்பேர் டயர் ஒன்றுதான். பஞ்சர் என்று அந்த வாரம்தான் கடையில் விட்டிருந்தான். அண்ணார் அதற்குப் பஞ்சர் ஒட்டி, காற்றடித்து, ராஜன் என்று எழுதி, கொல்லையில் சேர்க்காமல் வீட்டுக்குள் தைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார். காற்று இறங்கினால் அவரே அடிப்பார். அன்றிலிருந்து கேட்டையும் தினமும் அவரே சங்கிலி போட்டுப் பூட்டுவார். வேறு யாரையும் பூட்ட விடமாட்டார்.

கொல்லையில் டயர்கள் பெருகிக்கொண்டே போயின. மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகி, அண்ணியும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் டெங்குவில் விழுந்தார்கள். சுகாதார ஆபீசிலிருந்து வந்து சத்தம் போட்டார்கள். ஆனால் அண்ணார் அரைக்கும் மெஷின் வாங்கியது கொசுவுக்காக இல்லை. இந்த ஊரில் எரிப்பதற்கு இனி ஒரு டயர் இருக்கக்கூடாது என்று என்னிடம் சொன்னார். நியூசிலாந்தில் யாரோ ஓட்டி முடித்த பழைய மெஷின் கண்டெய்னரில் சுவா துறைமுகத்தில் வந்து இறங்கியது. லாரியில் வந்ததும் நான் போய்ப் பார்த்தேன். ஒரு தொட்டி. அதன் அடியில் இரண்டு தண்டுகள். தண்டு முழுக்கக் கொக்கி கொக்கியாகப் பற்கள். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து உள்பக்கமாகச் சுற்றும். வேகமாகச் சுற்றினால்கூடப் பயம் இருக்காது. மெதுவாகச் சுற்றும், மாடு அசை போடுகிற மாதிரி. டயரைப் போட்டால் அது முதலில் ஒரு முறை நிமிர்ந்து நிற்கும். அப்புறம் ஒரு பல் அதைப் பிடிக்கும்.

அண்ணாருடைய கூட்டாளி ஜோனே, பக்கத்து ஃபிஜியன் கிராமத்துக்காரர், அண்ணார் வயதுதான், எங்களைப் பார்த்து அவரும் அண்ணாரை அண்ணா என்றே கூப்பிடுவார். மெஷின் ஓட்ட அவர் வந்து சேர்ந்தார். முதல் நாள் நாங்கள் பூசணிக்காய் உடைத்தோம், எலுமிச்சம்பழம் நசுக்கினோம். ஜோனே வீட்டுப் பெரியவர்கள் நங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்து அதன் முன்னால் உட்கார்ந்து குடித்தார்கள். இரண்டு சாமிக்கும் சொல்லியாயிற்று என்று ஜோனே சிரித்தார்.

முதலில் டயரின் விளிம்புக் கம்பியைச் சின்ன மெஷினில் உருவி எடுக்க வேண்டும். அது வளையல் மாதிரி வரும். பிறகுதான் பெரிய மெஷின். கம்பி மிச்சம் இருந்தாலோ, உள்ளே கல் மாட்டியிருந்தாலோ, மெஷினுக்குப் பளு தாங்காது. அப்போது தானாக நிற்கும். ஒரு மூச்சு நேரம் சத்தமே இருக்காது. பிறகு தண்டுகள் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, போட்ட டயரை மேலே தள்ளிவிடும். செய்தவன் அப்படித்தான் செய்து அனுப்பியிருக்கிறான். இதை அண்ணார் எல்லாரிடமும் சொன்னார். சாகும்வரை சொன்னார். நானும் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் டவுனில் துணி தைக்கிற ஒரு அம்மா. அவருடைய மகன் ஆக்லாந்துக்குப் போயிருந்தான். அவனுடைய வேன் டயரைப் போட்டபோது மெஷின் நின்றது, திரும்பியது, டயரை மேலே தள்ளியது. கம்பியைச் சரிபார்த்து மறுபடி போட்டார்கள், மறுபடி தள்ளியது. "இவனுக்குப் போக மனசு இல்லை அண்ணா" என்று ஜோனே தமாஷாகச் சொன்னார். அந்த மாதமே அந்தப் பையன் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கேட்டைத் தாண்டித் தன் வீட்டுக்கு நடந்து போனான். ஜோனே கையிலிருந்த கடப்பாரை கீழே விழுந்தது. வேலை போய்விட்டதா என்று நான் கேட்டேன். வேலையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்றான். "காலைப் புடிச்சு யாரோ வெளிய தள்ளுற மாதிரியே இருந்துச்சு அக்கா" என்றான்.

அதற்குப்பின் யார் வாயை அடக்க முடியும்? நம் ஜனங்கள் மாரியம்மன் முன்னால் பூப்போட்டுக் கேட்கிறவர்கள். மெஷின் வாங்கிக்கொண்டால் போனவன் போனவன்தான், திருப்பிக் கொடுத்தால் அவன் வருவான் என்று ஆகிவிட்டது. தாய்மார்கள் அண்ணாரின் கொல்லையில் பேரைத் தேடி டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். போனவருடைய டயரை, ஊரில் இருக்கிறவர்தான் தன் கையால் போட வேண்டும் என்று ஒரு முறையும் உண்டாகிவிட்டது. அதை யார் ஏற்படுத்தினார் என்று தெரியாது. "அது மெஷினும்மா, சாமியும் இல்லை பூதமும் இல்லை" என்று அண்ணார் தொண்டை வறளச் சொல்வார். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே டயரைத் தொட்டியில் தள்ளுவார்கள். பிறகு அண்ணாரும் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். ஏனென்றால் திருப்பிக் கொடுத்த பேர்கள் ஒன்றிரண்டாக ஊருக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

திருப்பிக் கொடுத்ததை மறுபடி போட அண்ணாருக்கும் மனம் வரவில்லை. கொல்லைக் கோடியில் இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தடியில் அவற்றை வரிசையாக நிறுத்தினார். பெண்கள் அவற்றுக்கு மஞ்சள் கயிறு கட்டினார்கள். மெஷின் வாங்கிக்கொண்டவை தூளாகிப் பைக்குள் போயின. அந்தத் தூளைப் பள்ளிக்கூடங்களில் ஊஞ்சலுக்கு அடியில் பரப்ப வாங்கிப் போனார்கள். நம் பிள்ளைகள் யார் யார் மேல் விழுந்து புரள்கிறார்களோ என்று நான் நினைப்பேன், பிறகு நினைக்காமல் இருக்கப் பார்ப்பேன்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டு அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய மகன் அமெரிக்காவில் பெரிய லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் டயரை மெஷின் ஒரு தடங்கலும் இல்லாமல், நிமிர்ந்து நிற்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் ரோட்டில் அவன் இறந்த செய்தி வந்தது. உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். அந்த அக்கா அண்ணாரைத் திட்டவில்லை. ஒரு பித்தளைச் சொம்போடு வந்து, அவன் தூளில் ஒரு பிடி கொடுங்கள் என்றார். எது அவன் தூள் என்று எப்படித் தெரியும்? அண்ணார் ஒரு பையை அவிழ்த்தார். ஆற்றில் கரைக்க நானும் கூடப் போனேன். சாம்பல் என்றால் கரைந்து போகும். இது போகவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, கறுப்பாக ஒரே இடத்தில் நின்றது. நாங்கள் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டோம்.

இரண்டாயிரத்து ஆறில் மறுபடி ராணுவம் ரோட்டில் நின்றது. அந்தத் தடவை எரிக்க, மரத்தடி வரிசையைத் தவிர, எங்கள் ஊரில் டயர் இல்லை. அது அண்ணாரால்தான், அதை யாரும் மறக்க வேண்டாம். ஒரு சிப்பாய் கொல்லைக்கு வந்து, மரத்தடியில் மஞ்சள் கயிறு கட்டிய டயர்கள் என்ன என்று கேட்டான். ஜோனே அவர்கள் பாஷையில் பதில் சொன்னார். சிப்பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். என்ன சொன்னீர்கள் என்று நான் பிறகு கேட்டேன். "வந்துகிட்டு இருக்கிறவங்கன்னு சொன்னேன்" என்றார். அந்தச் சிப்பாயின் தம்பி ஏதோ பாலைவன தேசத்துக்குக் காவல் வேலைக்குப் போயிருந்தானாம்.

இத்தனை பேர் டயரையும் மெஷினில் போட்ட அண்ணார், ராஜன் டயரை மட்டும் போடவே இல்லை. அண்ணி கெஞ்சுவார்கள். ஒரு முறை போட்டுப் பாருங்கள், தெரிந்துகொண்டால் தூக்கமாவது வரும் என்பார்கள். மெஷின் சாமி இல்லை என்று ஊருக்குச் சொல்கிறவருக்கு இதற்கு மட்டும் ஏன் பயம் என்று குத்துவார்கள். அண்ணார் காற்றடிக்கிற பம்பை எடுத்துக்கொண்டு டயர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்.

அப்புறம் அந்தப் பெரும் புயல் வந்தது. ரக்கிரக்கியில் கூரை தப்பிய வீடு குறைவு. மரத்தடி வரிசை மட்டும் நகரவில்லை, கயிறு கூட அறுந்திருக்கவில்லை. கனமான டயர்தானே, நகராது என்றார் அண்ணார். பல வாரம் கழித்துக் கரண்ட் வந்தது. லைன் இழுத்தவர்கள் கரண்ட் கம்பிகளை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மெஷினைப் போட்டால் தண்டுகள் தலைகீழாக, வெளிப்பக்கமாகச் சுற்றின. எந்த டயரைப் போட்டாலும் மேலே தள்ளியது. செய்தி பரவி, வீடு இழந்த பெண்களெல்லாம் ஓடி வந்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை ஒவ்வொருவன் பேரையும் மெஷின் திருப்பித் திருப்பிக் கொடுத்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். கரண்ட் கம்பி மாறியதுதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வரிசையில் நின்றார்கள்.

அண்ணியும் ராஜன் டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"எனக்கு எல்லாம் தெரியும். நீங்க போடுங்க."

அண்ணார் சுவிட்சை அணைத்தார். தண்டுகள் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றன.

"பொய்க்குறி நமக்கு வேணாம்" என்றார்.

"நெசக்குறியும் நீங்க கேக்க மாட்டீங்க."

 அண்ணார் டயரைத் தானே உருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் சாய்த்தார்.

கடைசிக் காலத்தில் சர்க்கரை அண்ணாரின் காலைப் பிடித்தது. சுவா ஆஸ்பத்திரியில் ஒரு காலை எடுத்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ராஜனுக்குச் சொன்னோம். பார்க்கிறேன், லீவு கேட்கிறேன் என்றான். அண்ணார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, சக்கர நாற்காலியை மெஷின் பக்கம் தள்ளச் சொன்னார். ஜோனேயிடம் ராஜன் டயரை எடுத்துவரச் சொன்னார். வேண்டாம் அண்ணா, இன்னும் கொஞ்சம் நாள் பார்ப்போம் என்றேன்.

"அவன் வரணும் வரணும்னு நான் புடிச்சு வச்சிருக்கேன். அவனுக்கு அங்க கால் ஊனலை. விட்டுடுவோம்" என்றார்.

காற்றை அவரே இறக்கினார். அது இறங்கும் வரை வால்வில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். கம்பியை ஜோனே உருவினார். அண்ணாரின் கையை நான் தாங்க, அவர் டயரைத் தள்ளினார். மெஷின் நிற்கவில்லை. திரும்பவில்லை. மெதுவாக, அவசரமில்லாமல், முழுவதையும் வாங்கிக்கொண்டது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணார் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தூளை ஒரு பையில் கட்டித் தன் மடியில் வைக்கச் சொன்னார். அரைத்த தூள் சூடாக இருக்கும், உராய்ந்த சூடு. இல்லாத காலுக்கு இதமாக இருக்கிறது என்றார். இரண்டு நாள் அந்தப் பையைக் கீழே வைக்க விடவில்லை. மூன்றாம் நாள் உச்சிவேளையில், அதன்மேல் கை இருக்கும்போதே போய்விட்டார்.

ராஜன் கொள்ளி வைக்க வந்து சேர்ந்தான். மெஷின் வாங்கிக்கொண்டவன் வந்து நின்றதைப் பார்க்க ஊரே கேட்டில் கூடியது. பாருங்கள், அது வெறும் மெஷின்தான் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவன் தன் ஸ்பேர் டயர் எங்கே என்று கேட்டான். நான் அந்தப் பையைக் கொடுத்தேன். கையை உள்ளே விட்டவன் உடனே எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அத்தை, இது இன்னும் சூடா இருக்குது."

வெயில் பட்டிருக்கும் என்று சொன்னேன். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் அவனுக்கு ஃப்ளைட். அண்ணார் ஓட்டிய பழைய வேனின் ஒரு டயரை அண்ணி உருட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வெள்ளை பெயிண்டில் அண்ணாரின் பேர் அண்ணி கையாலேயே எழுதியிருந்தது.

"போனவங்க டயரை இருக்கிறவங்கதான் போடணும். நீ போடு."

"நான் இருக்கிறவன் இல்லையேம்மா. நாளைக்குப் போறேன்."

"இன்னைக்கு இருக்கியே."

அவன் மறுக்க முடியாமல் போட்டான். டயர் நிமிர்ந்து நின்றது. பல் பிடித்தது. உடனே மெஷின் நின்றது. அந்த ஒரு மூச்சு நேரம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது, அவ்வளவு அமைதி. பிறகு தண்டுகள் பின்னால் சுற்றின. டயர் மேலே வந்து, ராஜன் கைக்கே வந்தது.

கம்பி மிச்சம் என்று நான் சொன்னேன். ஜோனே சுவரைக் காட்டினார். உருவிய கம்பி வளையம் இரண்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. கல் இருக்கும் என்றேன். ராஜன் உள்ளே கைவிட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தான். மறுபடி போட அவன் துணியவில்லை. மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நிறுத்தினான்.

மறுநாள் அவன் போகவில்லை. "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன் அத்தை" என்றான். இன்று அவன்தான் கடையைப் பார்க்கிறான், வருகிறவர்களுக்குப் பஞ்சர் ஒட்டுகிறான். அவன் உள்ளங்கையும் கறுத்துவிட்டது. கேட்டுக்கு அவன் சங்கிலி போடுவதில்லை. திறந்தே வைக்கிறான். திருடன் வருவான், நாய் வரும் என்று நான் கத்திப் பார்த்துவிட்டேன். "அப்பா வந்து கேட்டுல நின்னுட்டா?" என்று கேட்கிறான். கேலியாகக் கேட்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அப்பாவிடம் அவனுக்கு ஒரு பேச்சு பாக்கி இருக்கிறதாம்.

அண்ணாரைக் கவனித்த சுவா ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும், ஒற்றைக் காலோடு அவரைப் பொறுமையாக ஏற்றி இறக்கிய பஸ்காரர்களுக்கும், துக்கத்துக்குப் பாயும் நங்கோனாவும் கொண்டுவந்து எங்களோடு தரையில் உட்கார்ந்த ஜோனே வீட்டாருக்கும், சமையலைத் தூக்கிச் சுமந்த கோயில் பெண்களுக்கும், கடல் தாண்டி இருந்து அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணார் இருந்திருந்தால் கறுத்த கையைக் கூப்பி அவரே சொல்லியிருப்பார்.

சாப்பாட்டுக்குப்பின் கொல்லைப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளை மெஷின் அருகில் விடாதீர்கள். மரத்தடியில் இருக்கிற மஞ்சள் கயிறுகளைத் தொட வேண்டாம், அவற்றுக்கு உரியவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. வரிசையின் கடைசியில், அண்ணாருடைய டயருக்குப் பக்கத்தில், ராஜன் இரண்டு நாற்காலி போட்டிருப்பான். சாயங்காலம் தூங்குமூஞ்சி இலை மூடுகிற நேரத்தில் அவன் ஒன்றில் உட்காருவான். அவனோடு பேச விரும்புகிறவர்கள் தாராளமாக நின்று பேசலாம். இன்னொரு நாற்காலியில் மட்டும் யாரும் உட்கார வேண்டாம்.